அப்பா எழுதும் டைரி

கேள்வி: என் மகள் நேரடி எஸ்.ஐ. தேர்வில் ஜெயித்து, வண்டலூர் பக்கம் ஊனமாஞ்சேரி போலீஸ் அகாடமியில் பயிற்சி முடித்தாள். இப்போது எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் ஒரு ஸ்டேஷனில் நடைமுறைப் பயிற்சி. அங்கே ஸ்டேஷன் பதிவேடுகளை எழுதும் ரைட்டராக இருக்கும் ஏட்டு, எஸ்.ஐ. என்றும் பார்க்காமல் பழைய பதிவேடுகளைப் புரட்ட வைக்கிறார், தப்பு செய்தால் எல்லார் முன்னாலும் திருத்துகிறார். இரவு ரோந்து வேறு. களைத்துப்போய் வருகிறாள். அன்றாடம் பயிற்சி டைரி எழுதி இன்ஸ்பெக்டரிடம் காட்ட வேண்டுமாம். நல்லவேளையாக, ஓய்வுபெற்ற தமிழாசிரியரான என் கணவர், அவள் சொல்லச் சொல்லக் கேட்டு அழகாக எழுதிக் கொடுத்துவிடுகிறார். அவள் அதைப் பார்த்து எழுதிக்கொள்கிறாள். சென்னையில் செல்வாக்குள்ள உறவினர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் சொல்லி வேறு ஸ்டேஷனுக்கு மாற்றலாமா?
- ஒரு தாய், காரைக்குடி அருகில்

பதில்: சகோதரி, முக்கால் கடிதம் ஏட்டைப் பற்றியே இருக்கிறது. அவரைப் பற்றி நான் சொல்ல அதிகமில்லை. நாளை உங்கள் மகளுக்கு சல்யூட் அடிக்கப் போகிறவர் அவர். அதற்கு முன்னால் கிடைத்திருக்கும் கொஞ்ச காலத்தில் சிஎஸ்ஆர் (புகார் வந்ததற்கு ஸ்டேஷனில் போடும் பதிவு) எப்படிப் போடுவது, எஃப்ஐஆரில் எதை விடக்கூடாது, ஸ்டேஷன் வாசலில் பாராவில் (காவலுக்கு) நிற்பவர் எதைக் கவனிக்க வேண்டும் என்று சொல்லித் தருகிறார். கேவலமாகப் பேசினாலோ, தவறாக நடந்தாலோ அது வேறு கதை. அப்போது மகளே புகார் எழுதிக் கொடுக்கட்டும். நீங்கள் எழுதியதில் அப்படி ஒன்றும் இல்லை.

போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, டைரியை அப்பா எழுதிக் கொடுக்கிறார் என்று? அதுவும் ‘நல்லவேளையாக’! எனக்குத் தூக்கிவாரிப்போட்டது அங்கேதான்.

உங்கள் பக்கத்து ஊர்களில் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளுக்குக் குறைவில்லை. அப்படி ஒரு வீட்டில் திருட்டு என்று மகளை அழைத்துப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பின்கட்டுக் கதவில் பூட்டு பூட்டியபடியே தொங்குகிறது; நாதாங்கியின் திருகுகளை மட்டும் யாரோ நிதானமாகக் கழற்றியிருக்கிறார்கள். மகள் பார்த்தாள். இரவு அரைத்தூக்கத்தில், “கதவைத் திறந்து உள்ளே போயிருக்காங்கப்பா” என்கிறாள். உங்கள் கணவர் என்ன எழுதுவார்? “மர்ம நபர்கள் பூட்டை உடைத்து உள்ளே புகுந்துள்ளனர்.” நல்ல தமிழ்தான். ஆனால் திருகு போயே போயிற்று. அவசரமில்லாமல், கையில் திருப்புளியோடு, வீட்டின் போக்கு தெரிந்தவன் வந்திருக்கலாம் என்ற யோசனையும் அதோடு போயிற்று.

இது பயிற்சி டைரிதானே என்பீர்கள். சரி, அடுத்து அவள் எழுதப்போவது வழக்கு டைரி. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 192-வது பிரிவு (2024 ஜூலைக்கு முன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 172) சொல்வதைக் கேளுங்கள்: தகவல் எத்தனை மணிக்கு வந்தது, விசாரணையை எப்போது தொடங்கி எப்போது முடித்தார், எங்கெங்கே போனார், என்ன தெரியவந்தது என்று விசாரணை அதிகாரி நாள்வாரியாக எழுத வேண்டும். பக்க எண் போட்ட தொகுதியாக இருக்க வேண்டும். நீதிமன்றம் அதைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். சாட்சிக் கூண்டில் நின்று அதைப் புரட்டி நினைவுபடுத்திக்கொண்டால், எதிர்த்தரப்பு வக்கீல் அதை வைத்தே குறுக்கு விசாரணை செய்யலாம். அங்கே வந்து அப்பா நிற்பாரா? அந்தப் பழக்கம் படிவதற்குத்தான் இன்றைக்கு இந்த டைரி. அவள் எழுதுவது மொட்டையாக இருந்தால், இன்ஸ்பெக்டர் எந்த இடம் மொட்டை என்று பார்த்துச் சொல்வார். இப்போது அவர் திருத்திக்கொண்டிருப்பது யாரை?

இதெல்லாம் உங்கள் ஊருக்குத் தெரியாததா? பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்யப் போன செட்டிநாட்டுக்காரர்கள் முதலில் எடுபிடியான பெட்டியடிப் பையனாக உட்கார்ந்து, உதவியாளான அடுத்தாளாகி, அப்புறம்தான் கடையை நடத்தும் மேலாளானார்கள். அந்தக் கடைகளில் தினக்குறிப்பு எழுதி, பேரேட்டில் ஏற்றி, ஐந்தொகை கட்டியபோது, ஊரிலிருந்து அப்பச்சி (அப்பா) யாரும் எழுதி அனுப்பவில்லை.

பெற்ற பிள்ளைக்குச் சோறு கட்டிக் கொடுங்கள். நடு ராத்திரி வந்தால் வெந்நீர் வையுங்கள். தூங்க விடுங்கள், அவள் துணியை நீங்களே துவைத்துப் போட்டாலும் நான் குறை சொல்ல மாட்டேன். களைப்பைப் போக்குவது வீட்டு வேலை. அவள் வேலையை வாங்கிச் செய்வது பாசம் என்று நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். அவள் எடுத்த சம்பளத்துக்கும் உடுத்திய காக்கிக்கும் வீட்டிலிருந்தே செய்யும் துரோகம் அது. காணாமல்போன மகனைத் தேடி ஒரு தாய் அவள் மேஜை முன்னால் வந்து நிற்பாள். அந்தத் தாய் அழுதுகொண்டே சொல்வதை இவள்தான் கேட்டு இவளே எழுத வேண்டும்.

உறவினருக்கு போன் போடாதீர்கள். மாற்றலாகிப் போன ஸ்டேஷனிலும் ஒரு ரைட்டர் இருப்பார். அங்கே இவள் போய்ச் சேருவதற்கு முன்பே ‘சிபாரிசில் வருகிற பிள்ளை’ என்ற பேச்சு போய்ச் சேர்ந்திருக்கும்.

இன்னொன்று, கசப்பானது. இதுவரை காட்டிய பக்கங்களில் உள்ள வாசகம் அப்பாவுடையது என்பதை மகளே இன்ஸ்பெக்டரிடம் போய்ச் சொல்ல வேண்டும். திட்டு விழும், பழையதை எல்லாம் திரும்ப எழுது என்றும் சொல்லலாம். வீட்டுக்கு வந்து அழுதால், “எழுது” என்று சொல்லிவிட்டு உங்கள் கணவரைக் கூட்டிக்கொண்டு கொப்புடையம்மன் கோயில் வரை போய் வாருங்கள். அவர் வீட்டில் இருந்தால் கை சும்மா இருக்காது.