கேமராவை விழுங்கும் காட்சி: வாய் மங்காமல் எடுப்பது எப்படி?

ஜேம்ஸ் வில்லியம்சன் 1901-ல் இங்கிலாந்தில் எடுத்த ‘தி பிக் ஸ்வாலோ’ படத்தில் ஒருவர் கேமராவையே விழுங்குவார். அதே மாதிரி போனில் எடுத்துப் பார்த்தபோது வாய் மங்கலாகிறது, ஒரு ஷாட்டிலிருந்து அடுத்ததற்கு மாறும் வெட்டும் தெரிகிறது, என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள்.

அதில் மொத்தம் மூன்றே ஷாட். வெட்டை மறைப்பது இருட்டுதான். கோபமாகப் பேசிக்கொண்டே நெருங்கி வருகிறவர் வாயைப் பிளக்க, திரை முழுக்கக் கருப்பு. அடுத்து, கருப்புப் பின்னணியில் கேமராவும் கேமராக்காரரும் உள்ளே விழுகிறார்கள். அப்புறம் விழுங்கியவர் மென்றுகொண்டே பின்னால் போகிறார்.

வாய் மங்காமல் இருக்க, நடிப்பவரைப் போனிலிருந்து ஒரு சாண் தூரத்தில் நிறுத்துங்கள். மிச்ச நெருக்கத்துக்கு, எடிட்டிங்கில் படத்தைப் பெரிதாக்குங்கள், வாயின் இருட்டு சட்டகத்தை நிரப்பும்வரை. விளக்கு வாய்க்குள் அடிக்கக் கூடாது. அந்த மெல்லும் ஷாட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள், படத்திலேயே எனக்கு மிகப் பிடித்தது அதுதான்.