முதாரபா கணக்கில் இலாபம் குறைந்தது பற்றி

முதாரபா (உங்கள் பணம், வங்கியின் உழைப்பு, இலாபத்தில் இருவருக்கும் பங்கு என்ற இஸ்லாமிய வங்கி ஒப்பந்தம்) முதலீட்டுக் கணக்கில் வங்கி முன்பு குறிப்பிட்ட 5 விழுக்காட்டுக்குப் பதிலாக 3 விழுக்காடே வந்ததால், மீதியைக் கேட்டுப் பெற முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். பெற முடியாது, அந்த 5 விழுக்காடு எதிர்பார்ப்பு மட்டுமே. இந்த ஒப்பந்தத்தில் முன்கூட்டியே உறுதியாவது இலாபத்தைப் பிரிக்கும் விகிதம், எடுத்துக்காட்டாக உங்களுக்கு 60, வங்கிக்கு 40 என்பதுதானே தவிர, கிடைக்கப்போகும் தொகை அன்று. நட்டம் வந்தால் அது நீங்கள் போட்ட முதலிலிருந்தே கழியும், வங்கி தன் உழைப்பின் பலனை மட்டும் இழக்கும். வங்கியின் கவனக்குறைவோ முறைகேடோ ஒப்பந்த மீறலோ காரணம் என்றால் மட்டுமே அது ஈடுசெய்யக் கடமைப்பட்டது.

ஆனால் ஒன்றை எழுத்து மூலம் கேளுங்கள்: இலாபத்தைச் சமன்செய்யும் ஒதுக்கு நிதிக்கும் (இலாபம் ஏறி இறங்காமல் சீராக வைக்க) முதலீட்டு இடர் ஒதுக்கு நிதிக்கும் (பின்னால் வரக்கூடிய நட்டத்தை ஈடுகட்ட) எவ்வளவு பிடித்தார்கள்? முன்னது இலாபத்தைப் பிரிப்பதற்கு முன்பே எடுக்கப்படுவது. பின்னதோ உங்கள் பங்கிலிருந்து மட்டும் எடுக்கப்படுவது. நீங்கள் கணக்கை மூடிய பிறகு அந்தத் தொகை பிறகு வரும் முதலீட்டாளர்களுக்குப் பயன்படக்கூடும் என்பதைத் தொடக்கத்திலேயே தெளிவாகச் சொல்லாமல் விடுவது, என் பார்வையில், பெரிய குறை.

அவசரத் தேவைக்கான பணமும் இதில் இருந்தால், அதை மட்டும், போட்ட முதலை வங்கி திருப்பித் தரக் கடமைப்பட்ட, கர்ள் (வட்டியில்லாக் கடன்) அடிப்படையிலான கணக்குக்கு மாற்றிவிடுங்கள்.