மனிதராக இருப்பது என்றால் என்ன?

மற்ற விலங்குகளிலிருந்து நம்மைப் பிரித்துக் காட்டுவது எது என்ற கேள்விக்கு என் பதில்: மனிதர் என்றால் பலர் சேர்ந்து வளர்க்க, பலரிடமிருந்தும் கற்றுக்கொள்கிற உயிர்.

காரணம் பிறப்பிலேயே இருக்கிறது. பிறக்கும்போது நம் மூளை, வளர்ந்தவரின் மூளையில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. மீதி வளர்ச்சியெல்லாம் வெளியே வந்த பிறகு, மற்றவர்களின் முகத்துக்கும் பேச்சுக்கும் நடுவில்தான். சிம்பன்சித் தாய் முதல் சில மாதங்களுக்குக் குட்டியை வேறு யாரிடமும் பெரும்பாலும் விடாது. மனிதக் குழந்தைக்கோ பாட்டி, அக்கா, பக்கத்துக் காம்பிராக்காரர் (பக்கத்து வீட்டுக்காரர்) என்று எல்லாரும் வேண்டும்.

இலங்கையில் நம் மலையகத் தேயிலைத் தோட்டங்களின் பிள்ளை மடுவம், அதாவது குழந்தைக் காப்பகம் போலத்தான். அம்மா கொழுந்தெடுக்க மலைக்குப் போனதும் குழந்தை அங்கே பார்த்துக்கொள்ளும் ஆயம்மாவின் மடியில், மற்றப் பிள்ளைகளோடு. யார் கோபமாக இருக்கிறார்கள், எதைப் பங்கிட வேண்டும் என்பதெல்லாம் அங்கேயே பழகிவிடுகிறது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. ஆனாலும் லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில்) ஒருவர் பிள்ளையை இன்னொருவர் தூக்கி வளர்ப்பது நிற்கவில்லை. அதை நான் மிகவும் மதிக்கிறேன்.

அப்புறம், மூளை பெரிதாக இருப்பதால்தான் நாம் மனிதர் என்று பலரும் நினைக்கிறார்கள். நம் மூளை சுமார் 1.4 கிலோதான், யானையின் மூளையோ 4 கிலோவுக்கும் மேல். ஆக, மூளையின் அளவு மட்டும் நம்மை மனிதராக்குவதில்லை.