பூண்டு சாப்பிட்டால் கொழுப்புக் கல்லீரல் சரியாகுமா?

ஸ்கேனில் ‘ஃபேட்டி லிவர்’ என்று வந்ததும் பலரும் கேட்கும் கேள்விதான். கொஞ்சம் உதவலாம், பூண்டு மட்டுமே சரிசெய்துவிடாது.

பூண்டுப் பொடி மாத்திரையை 12 முதல் 15 வாரம் கொடுத்துப் பார்த்த சில ஆய்வுகளில் கல்லீரல் கொழுப்பும், கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ஏஎல்டி, ஏஎஸ்டி நொதிகளின் அளவும் ஓரளவு குறைந்தன. ஆனால் எல்லாமே சிறிய ஆய்வுகள்.

ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது: பூண்டின் முக்கியச் செயல்பொருளான அல்லிசின், நசுக்காத முழுப் பூண்டுப் பல்லில் கிடையாது. நசுக்கும்போது அல்லீன் என்ற பொருளும் அல்லினேஸ் நொதியும் கலந்துதான் அது உருவாகிறது. மூக்கில் ஏறும் அந்தக் காட்டமான நெடி அப்போது வருவதுதான். நசுக்கிய கையோடு சூடான எண்ணெயில் போட்டால் நொதி செயலிழந்துவிடும். 10 நிமிடம் விட்டு, அப்புறம் சமையுங்கள்.

சரி, எது நிஜமாகவே வேலை செய்யும்? அதிக எடை உள்ளவர்கள் அதில் 7 முதல் 10 சதவீதம் குறைத்தால் கல்லீரல் அழற்சியே தணிகிறது. பூண்டுக்கு அவ்வளவு பலம் இல்லை.

வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவர்களும், அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்தவர்களும் டாக்டரிடம் கேட்காமல் பூண்டு மாத்திரையைத் தொட வேண்டாம். சமையலில் போடும் இரண்டு மூன்று பல்லுக்கு இந்தப் பயம் தேவையில்லை. வெறும் வயிற்றில் பச்சையாக மென்று நெஞ்செரிச்சலை வாங்கிக்கொள்வானேன்?