மில் காவலுக்கு எந்த ரோச் வாங்கலாம்?

கேள்வி: மாங்குளத்துக்குக் கிட்ட ஒரு நெல் மில்லில் இரவுக் காவல் பார்க்கிறேன். வயது 52. பின்னேரம் ஆறு மணி தொடக்கம் விடிய ஆறு மணி வரை வேலை. மூன்று ஏக்கர் வளவு, பின்பக்கம் காடு. ஒரு வருடத்தில் மூன்று ரோச் பழுதாகிவிட்டது. முதலாவது, சுவரில் குத்திச் சார்ஜ் போடுகிற வகை. நாலு மாதத்தில் சார்ஜ் நிற்கவில்லை. இரண்டாவது, தலையை இழுத்தால் வெளிச்சம் குவிகிற வகை; மாரி மழையில் உள்ளே தண்ணீர் போய்விட்டது. மூன்றாவதின் பற்றரியில் 9900 என்று போட்டிருந்தது. ஒரு மணித்தியாலம்கூட எரியவில்லை. இப்போது ஒரு பொடியன் ‘ஒரு லட்சம் லூமன்’ ரோச் ஒன்று வாங்கச் சொல்கிறான். முதலாளி பாதிக் காசு தருவார். கனகாலம் உழைக்கக்கூடிய, தூரம் அடிக்கிற ரோச் எது? யானை வந்தால் அந்த மின்னி மின்னி எரிகிற வெளிச்சத்தைப் போடலாமா?

பதில்: அண்ணை, அந்த ஒரு லட்சம் லூமனை விட்டுவிடுங்கள். காரணத்தைக் கணக்காகவே சொல்கிறேன். ரோச்சில் உள்ள எல்.ஈ.டி. ஒரு வாட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய 100 லூமன் வெளிச்சம் தரும். திறமான சாமான் அதைவிடக் கொஞ்சம் கூடத் தரும். அப்படியானால் ஒரு லட்சம் லூமனுக்கு 1000 வாட் வேண்டும். உடுப்பு மினுக்குகிற அயன்பெட்டி இழுக்கிற கரண்ட் அது. கைக்கு அடக்கமான ரோச்சின் நல்ல லித்தியம் பற்றரி ஒன்றில் இருப்பதோ 18 வாட்-மணி. 1000 வாட்டில் எரித்தால் ஒரு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும், அதற்குள் உங்கள் கையும் வெந்துவிடும். அந்த இலக்கம் பொய். பெட்டியில் பொய் எழுதினவர்கள் உள்ளே உண்மையாக வேலை செய்திருந்ததை நான் ஒருநாளும் கண்டதில்லை.

மீள்குடியேறி வந்த நாள் தொடக்கம் கிளிநொச்சியில் ரோச்சும் றேடியோவும் சார்ஜ் லைற்றும் திருத்துகிறேன். உங்கள் மூன்று ரோச்சும் செத்த விதம் எனக்கு நன்றாகப் பழக்கம்.

சுவரில் குத்துகிறதைத் திறந்தால் உள்ளே ஒரு சின்ன ஈயப் பற்றரி இருக்கும், மோட்டார் சைக்கிள் பற்றரியின் குட்டி மாதிரி. ஈயப் பற்றரிக்கு ஒரு குணம்: முழுதாக இறங்கின நிலையில் கிடந்தால் தகட்டில் சல்பேற் படிந்து இறுகிவிடும், பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் ஏறாது. நீங்கள் விடிய விடிய அதை மங்கும்வரை எரித்திருப்பீர்கள், காலையில் களைத்துப்போய்ப் படுத்துவிட்டுப் பின்னேரம்தான் சார்ஜில் போட்டிருப்பீர்கள். அந்தப் பாவிப்புக்கு நாலு மாதமே அதிகம். இதைவிடப் பயப்பட வேண்டியது வேறொன்று. மலிவானவற்றில் ட்ரான்ஸ்போமர் கிடையாது. ஒரு கொண்டென்சரும் நாலு டயோட்டும்தான். சுவரில் குத்தியிருக்கும்போது 230 வோல்ட்டுக்கும் உள்ளே இருக்கிற ஒவ்வொரு கம்பிக்கும் இடையில் தடுப்பு எதுவும் இல்லை. மழையில் நனைந்து வந்த கையோடு அதைத் தொடாதீர்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அந்த ரோச்சை வைத்திருக்கவே வேண்டாம்.

தலை இழுக்கிற ரோச் கடையில் வடிவாகத் தெரியும். இழுத்தால் சுவரில் சதுரமாக ஒரு வெளிச்சம் விழும், அது எல்.ஈ.டி.யின் உருவமேதான். ஆனால் ஒவ்வொரு முறை இழுத்து விடும்போதும் சைக்கிள் பம்ப் போல அது காற்றை உள்ளே உறிஞ்சுகிறது. கோடையில் காற்றோடு மில்லின் உமித்தூசி போகும், மாரியில் ஈரம் போகும். நகருகிற இடத்தைத் தண்ணீர் புகாமல் அடைப்பது கஷ்டமான வேலை. மலிவு விலையில் அதைச் செய்யமாட்டார்கள். காவல் வேலைக்குத் தலை அசையாத ரோச்தான் சரி.

9900 கதை இன்னும் மோசம். உங்கள் பற்றரியில் 18650 என்றும் ஒரு இலக்கம் இருந்திருக்கும். அது அளவு: 18 மில்லிமீற்றர் தடிப்பு, 65 மில்லிமீற்றர் நீளம். 9900 என்பது பற்றரி எவ்வளவு மின்சாரம் கொள்ளும் என்ற இலக்கம், மில்லி அம்பியர்-மணியில். அந்த அளவுக்குள் நல்ல கம்பனிகள் அடைக்கிறது 3500 அளவுதான். 9900 அடைக்க உலகத்தில் ஆளில்லை. உண்மையான 18650 ஒன்று 45 தொடக்கம் 50 கிராம் நிறை இருக்கும். ஒருமுறை இப்படி ஒன்றைக் கொண்டுவந்து தந்தார்கள், பக்கத்து நகைக்கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன்: 31 கிராம். உங்களுக்குத் தெரிந்த நகைக்கடை இருந்தால் நீங்களும் நிறுத்துப் பாருங்கள். பற்றரியை வெட்டிப் பார்க்க மட்டும் வேண்டாம், நெருப்புப் பிடிக்கும்.

இனி, எதை வாங்குவது.

முதலில் உங்கள் வளவைக் கணக்கெடுப்போம். மூன்று ஏக்கர் சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 110 மீற்றர், மூலைக்கு மூலை 155 மீற்றர் வரும். அந்தத் தூரத்தில் ஒரு ஆள் நின்றால் ஆள் என்று தெரிய வேண்டும். இதற்குப் பார்க்க வேண்டியது கண்டெலா. லூமன் என்பது ரோச்சிலிருந்து வெளியே வருகிற மொத்த வெளிச்சம், கண்டெலா என்பது அது எவ்வளவு குவிந்து போகிறது என்பது. குழாயில் வருகிற தண்ணீர் ஒன்றுதான்; வாயை விரலால் பொத்தினால் தூரம் அடிக்கும், விட்டால் காலடியில் விழும். நல்ல கம்பனிகள் ஏ.என்.எஸ்.ஐ. எஃப்.எல்.1 என்ற தரத்தில் அளந்து பெட்டியில் போடுவார்கள். கண்டெலாவின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் தூரம் மீற்றரில் வரும். 40,000 கண்டெலா என்றால் 400 மீற்றர். ஆனால் அந்த 400ஆவது மீற்றரில் விழுகிறது பறுவ நிலவு அளவு வெளிச்சம்தான். நிலவில் ஆள் நிற்பது தெரியும், ஆர் என்று தெரியாது. அதனால் போட்டிருக்கிற தூரத்தில் மூன்றில் ஒன்று தொடக்கம் அரைவாசி வரையைத்தான் நான் கணக்கில் எடுப்பேன். உங்களுக்கு 30,000க்கும் 50,000க்கும் இடையில் கண்டெலா போதும். அதற்கு மேலே போனால் வெளிச்சம் ஊசி மாதிரி ஒடுங்கிவிடும், கால் வைக்கிற இடம் இருட்டாகிவிடும்.

கால் வைக்கிற இடத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். நெல் இருக்கிற இடத்தில் எலி, எலி இருக்கிற இடத்தில் பாம்பு. புடையன் காய்ந்த இலைக்குள் கிடந்தால் பகலிலேயே கண் பிடிக்காது. இங்கேதான் வெளிச்சத்தின் நிறம் வேலை செய்கிறது. நீலம் கலந்த வெள்ளை வெளிச்சம், பெட்டியில் 6500 கெல்வின் என்று இருக்கும், மண்ணையும் சருகையும் பாம்பின் முதுகையும் ஒரே சாம்பல் நிறமாக்கிவிடும். 4000 தொடக்கம் 5000 கெல்வின் வரை உள்ள வெளிச்சத்தில் மண்ணிறம் மண்ணிறமாகவே தெரியும், புடையனின் முதுகு வட்டங்கள் சருகிலிருந்து பிரிந்து தெரியும். பிரகாசம் கொஞ்சம் குறைந்தாற்போலக் கண்ணுக்குப் படும். அதைப் பார்க்காதீர்கள், இதையே கேட்டு வாங்குங்கள்.

பற்றரிக்கு 21700 என்ற அளவு கேளுங்கள். 18650ஐவிடக் கொஞ்சம் பருமன், 5000 மில்லி அம்பியர்-மணி உண்மையாகவே வரும். இதில் 300 லூமனில் எரித்தால் ஏறக்குறைய ஆறு மணித்தியாலம். நீங்கள் மணிக்கு ஒருக்கால் கால் மணித்தியாலம் சுற்றி வந்தாலும் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு மூன்று மணித்தியாலம்தான் எரிப்பீர்கள், அரைப் பற்றரி போதும். 1000, 1500 லூமன் என்கிற உச்ச வெளிச்சம் வேலியில் சத்தம் கேட்கிற அரை நிமிடத்துக்கு மட்டும். அதிலேயே விட்டால் ரோச் சூடேறித் தானாக வெளிச்சத்தைக் குறைக்கும். அது பழுதல்ல, பாதுகாப்பு. பெட்டியில் ‘10 மணித்தியாலம்’ என்று இருந்தால், தொடங்கின வெளிச்சம் பத்தில் ஒன்றாகக் குறையும்வரை உள்ள நேரம் அது என்பதையும் மனதில் வைத்திருங்கள்.

பற்றரி கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். உள்ளேயே ஒட்டின பற்றரி இரண்டு மூன்று வருடத்தில் தளரும், அதோடு முழு ரோச்சும் குப்பைக்குப் போகும். சில கம்பனிகளின் ரோச் தங்கள் சொந்தப் பற்றரியை மட்டும்தான் ஏற்கும். அது மாங்குளத்தில் எங்கே கிடைக்கும்? சோஃபிர்ன், கொன்வோய், ஃபீனிக்ஸ் போன்றவற்றில் பொது அளவுப் பற்றரி போடுகிற மொடல்கள் இருக்கின்றன. கொழும்புக்குப் போகிற ஆரிடமாவது சொல்லி விடுவதென்றால் கம்பனிப் பெயரோடு 21700 என்று எழுதிக் கொடுங்கள், உதிரியாக இன்னொரு பற்றரியும் சேர்த்து.

பற்றரி என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளில், போர்க்காலத்தில், ரோச் பற்றரி வன்னிக்குள் வரத் தடை. ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம், சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டோம். செத்த பற்றரியைக் கூரையில் வெயிலில் காயவைத்து இன்னும் ஒரு கிழமை எரித்தோம். அந்தப் பழைய நாகப் பற்றரிக்கு வெயில் கொஞ்சம் உயிர் கொடுத்தது உண்மைதான். அந்தப் பழக்கத்தில் இப்பவும் சிலர் லித்தியம் பற்றரியை வெயிலில் வைக்கிறார்கள். என் வயதுக்காரர்தான் கூட. தயவுசெய்து செய்யாதீர்கள். லித்தியத்துக்குச் சூடு நஞ்சு. மோட்டார் சைக்கிள் சீற்றுக்குக் கீழே மத்தியான வெயிலில் வைத்தாலே ஆயுள் குறையும், வீங்கினால் தீப்பிடிக்கும். சார்ஜ் போடுவது சீமெந்துத் தரையில், பாய் தலையணைக்குத் தூரத்தில், ஆள் விழித்திருக்கும்போது.

தண்ணீருக்கு ஐ.பி.68 என்று தேடுங்கள். 6 தூசிக்கு, 8 தண்ணீருக்கு. ஐ.பி.எக்ஸ்.4 என்றால் தூறலுக்கு மட்டும் தாங்கும், மார்கழி மழைக்குக் காணாது. ஆறு மாதத்துக்கு ஒருக்கால் பின்மூடியைக் கழற்றி, அந்த றப்பர் வளையத்தில் சிலிக்கோன் கிறீஸ் ஒரு பொட்டுப் பூசுங்கள். வாகனக் கிறீஸ் பூசினால் சில வகை றப்பர் வீங்கிவிடும்.

கடையில் பின்மூடியைத் திறந்து பாருங்கள். புரி வழுவழுப்பாக ஓட வேண்டும், இரண்டு பக்கமும் சுருள் கம்பி இருந்தால் விழுந்தாலும் வெளிச்சம் விட்டு விட்டு எரியாது. உச்சத்தில் போட்டு மூன்று நிமிடம் பிடித்திருங்கள். உடம்பு முழுதும் சூடு பரவினால் நல்லது, எல்.ஈ.டி.யின் சூடு அலுமினியத்துக்கு வந்து சேர்கிறது. தலை கொதிக்க, கை பிடிக்கிற இடம் குளிர்ந்தே கிடந்தால் அது கனநாள் இராது. சுவிச் பின்பக்கம் இருப்பது எனக்குப் பிடிக்கும். இருட்டில் கை தானாகவே தேடிக்கொள்ளும்.

இதோடு சட்டைப் பொக்கற்றில் ஒரு சின்ன ஏ.ஏ. பற்றரி ரோச்சும் வேண்டும். பெரியது கையிலிருந்து தவறி விழுந்த இரவில் அதைத் தேட இன்னொரு வெளிச்சம் இல்லாவிட்டால் நீங்கள் அந்தக் காட்டோரத்தில் இருட்டுக்குள் நிற்பீர்கள். காவல் கொட்டிலுக்குள் இந்தச் சின்னதை மட்டும் போடுங்கள். கண் இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் எடுக்கும். பெரிய வெளிச்சம் வெள்ளைச் சுவரில் ஒருமுறை பட்டால் அவ்வளவும் போய்விடும்.

வேலிப்பக்கம் வெளிச்சம் அடிக்கும்போது இரண்டு கண் மின்னினால் பதறாதீர்கள். மாடு, நரி, நாய், பூனைக்கு மின்னும். மனிதக் கண் அப்படி மின்னாது. ஒன்றும் மின்னாமல் ஒரு நிழல் அசைந்தால்தான் மில்லின் விசிலை எடுக்க வேண்டும்.

யானைக்கு மின்னி மின்னி எரிகிறதைப் போட வேண்டாம். அந்த வெளிச்சம் அதைக் குழப்பும், குழம்பின யானை எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்ல முடியாது. வெளிச்சம் வருகிற இடத்தில் நிற்கிறது நீங்கள். தூர வெளிச்சத்தின் பயன், நூறு மீற்றரிலேயே அதைக் கண்டு நீங்கள் மில் கட்டடத்துக்குள் போய்க் கதவைச் சாத்துவதற்குத்தான். உள்ளே நின்றுகொண்டு முதலாளிக்கும் வனஜீவராசிகள் அலுவலகத்துக்கும் அழையுங்கள். அந்த இலக்கம் இரண்டையும் இன்றைக்கே போனில் பதிந்து வையுங்கள். ரோச்சை வாங்கும்போது, சுவிச்சை அமர்த்த அமர்த்த அந்த மின்னல் குறுக்கே வராத மொடலாகப் பார்த்து எடுங்கள்.

முதலாளியிடம் பாதிக் காசு கேட்கும்போது உதிரிப் பற்றரியையும் சார்ஜரையும் சேர்த்துக் கேளுங்கள். மூன்று ரோச்சுக்குக் கொடுத்த காசைக் கூட்டிக் காட்டினால் அவருக்கே விளங்கும்.