பழைய லேப்டாப்பில் விமானமா, கப்பலா?

காட்பாடி தம்பிக்கு, போர் விமான கேம் விளையாடலாமா, போர்க்கப்பல் கேம் விளையாடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். லேப்டாப்பில் 4 ஜிபி ராம்தான், ஜாய்ஸ்டிக் இல்லை, பேட்டரியும் நிற்காது என்கிறீர்கள். அப்படியென்றால் கப்பல்தான் சரி. போர்க்கப்பல்களை வடிவமைத்துக் கடற்படையை நடத்தும் ரூல் தி வேவ்ஸ் 3 கேமை எடுங்கள். மேலிருந்து பார்க்கும் வரைபடம்தான், லேப்டாப்புக்குச் சுமையில்லை. கேமின் கதையை 1890-ஆம் ஆண்டிலிருந்து தொடங்கலாம். ஒரு சுற்று என்பது ஒரு மாதம். முடிந்ததும் சேமித்துவிட்டால் கரண்ட் போனாலும் கவலையில்லை. கவசத் தடிமன், பீரங்கி அளவு எல்லாம் நீங்களே தீர்மானிக்கலாம். கவசத்தைக் கூட்டினால் எடை ஏறும், வேகம் அடிவாங்கும். அந்தக் கணக்கிலேயே ராத்திரி போய்விடும்!

போர் விமான கேமான டிசிஎஸ் வேர்ல்டு இலவசம்தான், ஆனால் உங்கள் லேப்டாப் தாங்காது. பறந்தே தீருவேன் என்றால் 2006-இல் வந்த ஐஎல்-2 1946 என்ற பழைய விமான கேம் போதும். கீபோர்டில் குறிவைப்பது பெரும்பாடு. முதலில் ஒரு பழைய ஜாய்ஸ்டிக் தேடுங்கள். அப்புறம், வேலூர் மே மாத மதியத்தில் இரண்டுமே வேண்டாம், லேப்டாப் கொதித்துவிடும்.