ஜெர்மனிக்கு போஸ்ட்டாக் வருகிற தங்கைக்கு

இரண்டு வருட ஒப்பந்தத்தில் போஸ்ட்டாக், அதாவது பிஎச்டி முடித்தபின் செய்யும் ஆராய்ச்சி வேலை, கிடைத்திருக்கிறது, கல்யாணமாகி ஒரு வருடம்தான் ஆகிறது, குழந்தை பெற்றுக்கொண்டும் அங்கே பேராசிரியர் ஆக முடியுமா அக்கா என்று கேட்டிருக்கிறீர்கள். குளிர், மளிகைக்கடை, குக்கர் எல்லாம் வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம்.

முடியும். ஆனால் உங்கள் சம்பளம் எந்த நிதியிலிருந்து வருகிறது, ஒப்பந்தத்தில் என்ன காரணம் காட்டியிருக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். ஆராய்ச்சியாளர்களின் தற்காலிக வேலைக்கென்றே 2007-இல் ஒரு சட்டம் வந்தது. தற்காலிக ஒப்பந்தத்தில் பிஎச்டிக்கு முன் 6 ஆண்டு, பின் 6 ஆண்டுதான் வேலை செய்யலாம் என்பது வரம்பு. ஒரு குழந்தைக்கு 2 ஆண்டு கூடும் என்று எல்லோரும் சொல்வார்கள். உயர்வது வரம்பு மட்டும்தான். அந்த இரண்டு ஆண்டும் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. அப்புறம், தகுதி வளர்ப்புக்காகப் போடும் ஒப்பந்தம் என்றால், பேறுகால விடுப்பிலும் குழந்தை வளர்ப்பு விடுப்பிலும் போன காலம் உங்கள் சம்மதத்தோடு கடைசியில் சேர்ந்துவிடும். பல்கலைக்கழகத்துக்கு வெளியிலிருந்து வரும் நிதியில் நடக்கும் ப்ராஜெக்ட் என்று காரணம் காட்டிப் போட்டிருந்தால் அந்த உரிமை கிடையாது.

என்னுடையது இரண்டாவது வகை. மகள் கைக்குழந்தையாக இருந்தபோதே வேலை முடிந்தது. அதே வருடம் பிரசவித்த பக்கத்து அறைப் பெண்ணுக்கு ஒப்பந்தம் நீண்டது. இந்த வித்தியாசத்தை எனக்கு யாருமே சொல்லவில்லை. நம் ஊர்க்காரர்கள் வீட்டுப் பொங்கலுக்குப் போனால், "அவருக்குத்தான் நல்ல வேலை இருக்கே, நீங்க ஏன் அலையணும்?" என்றார்கள். இன்று நினைத்தாலும் கோபம் வருகிறது. கீட்டாவில் (குழந்தைகள் காப்பகம்) இடம் கிடைக்காமல் டாக்டர் பட்டத்தோடு வீட்டிலிருக்கும் நம் பெண்கள் எத்தனை பேர்! திறமையில் யாரும் குறைந்தவர்கள் இல்லை.

ஆங்கிலமே போதும் என்று பெர்லினில் ஐடி வேலையில் இருப்பவர்கள் சொன்னால் நம்பாதீர்கள். ஆய்வகத்துக்குப் போதும். இளநிலை வகுப்பெடுக்க, துறைக் கூட்டத்தில் வாதாட, போதாது. மகளைத் தூங்கவைத்துவிட்டு இரவில் இலக்கணம் படித்தேன். இன்று முதலாண்டு மாணவர்களுக்கு ஜெர்மனிலேயே பாடம் நடத்துகிறேன், அதில் எனக்குப் பெருமை உண்டு. இருக்கும் பல்கலைக்கழகத்திலேயே பேராசிரியராக உயர்வது இங்கே அரிது, ஊர் மாற வேண்டிவரும். இதை உங்கள் கணவரிடம் இப்போதே பேசிவிடுங்கள்.

கூட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் கணித மேதை எமி நோதருக்கே, பெண் என்பதால், 1919 வரை தன் பெயரில் பாடம் நடத்த அனுமதி இல்லை. அங்கிருந்த கணிதப் பேராசிரியர் ஹில்பர்ட் பெயரில்தான் அறிவிப்பு வரும். இன்று இளம் ஆய்வாளர்கள் தனிக்குழு அமைக்க உதவும் திட்டத்துக்கு எமி நோதர் பெயர். ஆனாலும் பேராசிரியர்களில் பெண்கள் இன்னும் மூன்றில் ஒரு பங்கைத் தொடவில்லை. 1995-இல் நோபல் வாங்கிய ஜெர்மன் உயிரியலாளர் நியூஸ்லைன்-ஃபோல்ஹார்ட், குழந்தையுள்ள இளம் பெண் விஞ்ஞானிகள் வீட்டுவேலைக்கு ஆள் வைத்துக்கொள்ளவே பணம் தரும் அறக்கட்டளையை 2004-இல் தொடங்கினார். உங்கள் துறை அதில் வருமா என்று பாருங்கள். எனக்கு அது தெரிந்தபோது மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தாள்.

ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் சமவாய்ப்பு அலுவலர் இருப்பார். கையெழுத்துப் போடும் முன் அவருக்கு எழுதி, உங்கள் ஒப்பந்தம் எந்த வகை என்று எழுத்தில் பதில் வாங்குங்கள்.